கழிப்பனவும் கொள்வனவும்

என் ஆசிரியர் 1994-இல் எழுதிய 'சி' கணிப்பொறி மொழித் தொடக்க நூலைத் திருத்தியமைத்துத் தருமாறு பதிப்பகத்தார் என்னைக் கேட்டுக்கொண்டனர். ஆசிரியர் மறைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. வாழ்பவரின் நூலாயின் ஐயம் எழும்போது அவரையே வினவலாம். மறைந்தவரின் நூலிலோ ஒரு வரியை நீக்குவதற்கும் நம் மனச்சான்றையே வினவ வேண்டியுள்ளது.

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைக் கூறும் நன்னூல், குன்றக் கூறலை முதலிலும் மிகைபடக் கூறலை அதனை அடுத்தும் வைக்கிறது. திருத்துவோன் நடக்க வேண்டிய வரப்பு இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கிறது.

சில நீக்கங்கள் எளியன. 'கெட்ஸ்' என்னும் செயற்கூறு, தட்டப்படும் வரியை அளவு பாராமல் வாங்கிக்கொள்ளும். கலம் நிறைந்த பின்னும் ஊற்றிக்கொண்டே இருக்கும். 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு நுழைந்த வாயில்களுள் இதுவும் ஒன்று. 2011-ஆம் ஆண்டுத் தரநிர்ணயம் இதனை மொழியிலிருந்தே அகற்றிவிட்டது. ஆசிரியர் காலத்தில் எங்கும் வழங்கியதே எனினும், இன்று தொடக்க மாணவன் கையில் தரத்தக்கதன்று.

அரியது வேறொன்று. செயற்கை நுண்ணறிவு பற்றி ஓர் அத்தியாயம் வேண்டும் என்றும், அதற்காகக் 'கையால் ஓட்டிப் பார்த்தல்' என்ற அத்தியாயத்தை விட்டுவிடலாம் என்றும் பதிப்பகத்தார் கூறினர். தாளில் கட்டம் வரைந்து, ஒவ்வொரு வரியிலும் மாறிகள் பெறும் மதிப்பை மாணவன் எழுதிப் பார்க்கும் பயிற்சி அது.

7-ஐ 2-ஆல் வகுத்தால் சி மொழி 3 என்றே விடை தரும். இரண்டும் முழு எண்களாதலின் பின்னம் உதிர்ந்துவிடும். சராசரி காணும் நிரல் ஒரு பிழைச்செய்தியும் இன்றி ஓடி முடிந்து, தவறான விடையை அமைதியாக அளிக்கும். கட்டம் வரைந்து பழகிய மாணவனோ, அந்த அரை எவ்வரியில் காணாமற் போயிற்று என்று விரல் வைத்துக் காட்டுவான்.

இயந்திரமே நிரல் எழுதித் தரும் இந்நாளில், எழுதப்பட்டதைப் படித்துச் சோதிக்கும் திறன் முன்னினும் தேவையாகிறது அல்லவா? மேலும், வீட்டில் கணிப்பொறி இல்லாத மாணவனுக்குத் தாளும் எழுதுகோலுமே ஆய்வுக்கூடம். ஆகவே அவ்வத்தியாயத்தை விட நான் இசையவில்லை. ஏழாவதாக இருந்ததை இரண்டாவதாக்கினேன். சுட்டிகள் பற்றிய பகுதியைப் பாதியாகச் சுருக்கி இறுதிக்குக் கொண்டுசென்றேன். புதிய கருவிகளுக்கு இரண்டு பக்கமே ஒதுக்கினேன். அவை தரும் நிரலையும் அதே கட்டத்தில் இட்டுப் பார்க்கும் பயிற்சி ஒன்று அங்கே உள்ளது.

முதனூலின் முடிபோடு ஒத்து, வேண்டிய வேறுபாடுகளை உடன்கொள்வது வழிநூல் என்பர். ஆசிரியரின் வரிகள் பல போயின. மாணவன் எதனையும் தானே சரிபார்த்து ஏற்க வேண்டும் என்ற அவர்தம் முடிபு போகவில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்று ஐயுற்ற போதெல்லாம் எனக்கு அளவுகோலாய் நின்றது அதுவே.