பிணைப் பிள்ளைகளும் பெயர் மாறிய பிள்ளைகளும்

காக்களூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் ஒருபுறம், பூங்காவனத்தம்மனிடம் பிள்ளை வரம் கேட்டுத் திரும்பும் பெண்கள் மறுபுறம். புட்லூர் நடைமேடை காலையிலேயே நிறைந்திருந்தது. போன வாரம் பேரம்பாக்கம் பக்கம் சுற்றியதை எழுதியிருந்தேன். 1780 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி நடத்திவந்த படையை மைசூரின் திப்பு சுல்தான் மறித்த மண் அது. இன்று அந்தத் திப்புவின் பிள்ளைகளைத் தேடி மின்சார ரயில் ஏறினேன்.

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் பேங்க்ஸ் வடித்த, கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் சிலை நிற்கிறது. வருகிறவர்கள் முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பீடத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு சிறுவர்கள் ஒப்படைக்கப்படுகிறார்கள்: அப்துல் காலிக், முயிசுதீன். 1792-இல் காரன்வாலிஸிடம் தோற்ற திப்பு 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட ஒப்புக்கொண்டார். அதற்குப் பிணை இவர்கள். மூத்தவனுக்கே பத்து வயதுதான் இருக்கும். இதே காட்சியை ராபர்ட் ஹோம் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அதில் காரன்வாலிஸ், ஊரிலிருந்து வந்த பேரப்பிள்ளைகளை வரவேற்கும் தாத்தாபோலக் கை நீட்டுகிறார். அந்தக் கையை என்னால் நம்ப முடியவில்லை. பிள்ளைகள் தகப்பனிடம் திரும்பியது 1794-இல்தான்.

இளவரசர்களுக்காவது பெயர் மிஞ்சியது. கம்பெனிக்காரர்கள் வாங்கிப்போன தஞ்சாவூர் ஓவியத் தொகுப்புகளில் சாதிக்கொரு கணவன் மனைவி நிற்பார்கள். சிலவற்றில் ஒரு குழந்தையும் இருக்கும். படத்தின் கீழே சாதியும் தொழிலும் எழுதியிருப்பார்கள். பிள்ளையின் பெயரை யாரும் கேட்கவில்லை.

பையிலிருந்த ஓர் ஓவிய அச்சுப்படியை எடுத்தேன். 1805-இல் இதே சென்னையில் ஜார்ஜ் சின்னரி வரைந்தது. ஐதராபாத் ரெசிடெண்ட் ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக்குக்கும் கைருன்னிசா பேகத்துக்கும் பிறந்த அண்ணன் தங்கை. சிவப்பு அங்கியும் முத்துமாலையுமாக அண்ணன். அவன் தோளை அணைத்தபடி தங்கை. பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லை. இருவரும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன் வரைந்த படம். சாஹிப் ஆலமும் சாஹிப் பேகமும் அங்கே ஞானஸ்நானம் பெற்று வில்லியம், கேத்தரின் ஆனார்கள். தாயை மறுபடி பார்க்கவே இல்லை. படம் வரைந்த அந்த ஆண்டே தகப்பனும் கல்கத்தாவில் இறந்துபோனார்.

படம் மட்டும் தாயிடம் இருந்தது. 1813-இல் அவர் இறந்த பின், ஹென்றி ரஸ்ஸல் என்ற அதிகாரி வழியாக அதுவும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து ரஸ்ஸலின் வீட்டுக்கு வந்த கேத்தரின், சுவரில் தன்னையே கண்டு அழுதார். பிறகு ஐதராபாத்திலிருந்த பாட்டியோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டது. நான் பார்த்த பிள்ளைப் படங்களில், பார்த்து ஏங்க ஒரு தாய் இருந்த படம் இது ஒன்றுதான்.

அடுத்த இதழில் கும்மிடிப்பூண்டி வழியாக, பெய்லியின் படையை வெள்ளம் தடுத்து நிறுத்திய கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு.