ஏழு பீங்கானுக்கு ஒரு சட்டி

இறைச்சி சமைக்கிற வீட்டில் அதைப் பங்கிடுவது யார், கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று தெரிந்துவிட்டால், அந்த வீட்டைப் பற்றி அதிகம் விசாரிக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டு ஒழுங்கு இதுதான்: பெரிய துண்டுகள் முதலில் வாப்பாவின் பீங்கானுக்கு. அடுத்தது நானாமாருக்கு. பிறகு சின்னப் பிள்ளைகள், அதற்குப் பிறகு குமர்ப்பிள்ளைகள். உம்மா எல்லோருக்கும் பின்னால், வெறுஞ்சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவார். "சட்டிச் சோத்துட ருசி உங்களுக்கு விளங்காது" என்பார். நாங்களும் அதை நம்பித்தான் வளர்ந்தோம். இந்த ஒழுங்கைச் சட்டம் போட்டு யாரும் எழுதவில்லை. ஆனால் எழுதிய சட்டத்தை விட உறுதியாக அது இருந்தது.

எங்கள் வீட்டில் இதைக் கொஞ்சமாவது அசைத்தது மாட்டிறைச்சி போட்டு ஒரே சட்டியில் ஆக்கும் மக்கரோனி. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

நாங்கள் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் அங்கிருந்து வெளியேற்றப்பட்டோம். அந்த நாட்களில் வட மாகாணத்திலிருந்து இப்படி வந்த முஸ்லிம்கள் 70,000 பேருக்கும் அதிகம். பெரும்பாலானோர் புத்தளத்தில்தான் ஒதுங்கினோம். இதை வாசிக்கும் உங்களில் பலரிடமும் மறக்க முடியாத இப்படி ஒரு திகதி இருக்கும் என்பதால் விரித்து எழுதவில்லை. கிடுகுக் கொட்டில், மூன்று கல் அடுப்பு, நிவாரண அரிசி, பருப்பு, மா, சீனி. இறைச்சி என்றால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு யாராவது தரும் குர்பான் பங்குதான். உம்மா அந்தத் துண்டுகளை எண்ணிவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார். எட்டுப் பேருக்குப் பதினொரு துண்டு என்றால், அந்தக் கணக்கில் தன்னை அவர் சேர்ப்பதே இல்லை.

முகாமிலேயே எனக்குத் திருமணம் நடந்தது. கணவர் உப்பளத்திலும் கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களிலும் நாட்கூலிக்குப் போனார். 1999இல் ஆறு வயது மகனையும் நாலு வயது மகளையும் உம்மாவிடம் விட்டுவிட்டு நான் பணிப்பெண்ணாக ஜித்தாவுக்குப் போனேன். அங்கே நாலு வருடம். சம்பளம் எப்போதும் ஒன்றிரண்டு மாதம் பிந்தித்தான் கைக்கு வரும். அதைப் பற்றி எழுத வேண்டுமென்றால் வேறொரு கட்டுரை வேண்டும்.

அந்த வீட்டில் பதினொரு பேர். வெள்ளிக்கிழமைகளில் கப்சாச் சோறு. மற்ற நாட்களில் ஓரிரவு கட்டாயம் 'மக்ரோனா' இருக்கும். அரைத்த மாட்டிறைச்சி, வெங்காயம், தக்காளிப்பழம், காய வைத்த தேசிக்காய், கறுவா, மிளகு எல்லாம் ஒரு பெரிய பானையில் வேகும். அதே சாற்றுக்குள் மக்கரோனியைக் கொட்டி மூடிவிடுவார்கள். மக்கரோனியைத் தனியாக அவித்து வடிப்பது கிடையாது. பெரிய தட்டொன்றில் கொட்டி அவர்கள் சுற்றியிருந்து சாப்பிடுவார்கள். மிஞ்சியதை நான் குசினியில் இருந்து சாப்பிடுவேன். முதல் தடவை சாப்பிட்டபோதே ஒன்றைக் கவனித்தேன். எல்லோரும் சாப்பிட்டு முடிந்து கடைசியாக வந்த அந்தச் சாப்பாட்டிலும், அவர்கள் வாயில் போன அளவு இறைச்சி இருந்தது. அரைத்த இறைச்சியை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாதல்லவா? பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் கிடைக்காத சரிபங்கு, அந்நியர் வீட்டுக் குசினியில் கிடைத்தது. அவர்கள் என்னைச் சரிசமமாக நினைத்தார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அது சமையலின் தன்மை, அவ்வளவுதான்.

2003இல் திரும்பி வந்து முதல் மாதமே சமைத்தேன். மகள் மக்கரோனியைப் பார்த்து "புழு மாதிரிக் கிடக்கு" என்று முகத்தைத் திருப்பினாள். நாலு வருடம் தாயைக் காணாத பிள்ளை, நான் ஆக்கியது எதையும் உடனே தொடமாட்டாள். அதற்கு மக்கரோனியைக் குற்றம் சொல்ல முடியாது. கணவர் அகப்பையால் கிளறிக் கிளறிப் பார்த்தார். "எல்லாம் சரி, இறைச்சி எங்க புள்ள?" உம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் ஒரு பீங்கான் நிறையச் சாப்பிட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "இதுல துண்டு எண்ண ஏலாது மகள்."

சமைக்கும் விதத்தைச் சொல்கிறேன். இப்போது எங்கள் வீட்டில் ஏழு பேர். அரைக் கிலோ இறைச்சியும் 400 கிராம் மக்கரோனிப் பைக்கட் ஒன்றும் போதும். கால்ப்பக்கம் அல்லது கழுத்துப் பக்கத்து இறைச்சியாகப் பார்த்து வாங்குங்கள். மெத்தென்ற விலை கூடிய துண்டு இதற்கு வேண்டாம், அது காய்ந்து சக்கையாகிவிடும். சவ்வுள்ள இறைச்சி மெல்லிய நெருப்பில் நெடுநேரம் கிடக்கும்போது அந்தச் சவ்வு கரைந்து சாறு தடிப்பாகும். அரைப்பிக்க வசதியில்லாவிட்டால் கத்தியால் கடலையளவில் வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் பழைய கதைதான், யாராவது பொறுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் இரண்டு பம்பாய் வெங்காயத்தை நன்றாகச் சிவக்க விட்டு, எட்டுப் பல் உள்ளியும் ஒரு துண்டு இஞ்சியும் தட்டிப் போட்டு, இறைச்சியைச் சேர்த்துக் கிளறுங்கள். இறைச்சியில் வரும் தண்ணீர் வற்றி, அது சட்டியில் கொஞ்சம் ஒட்டிச் சிவக்க வேண்டும். அவசரப்பட்டு இதைத் தவறவிட்டால் ருசியில் பாதி போய்விடும். அதன் பிறகு ஒரு துண்டு கறுவா, இரண்டு ஏலக்காய், மிளகுத்தூள், சின்னச்சீரகத்தூள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், உப்பு, நாலு தக்காளிப்பழம், ஒரு கரட். இறைச்சி மூடும் அளவுக்குச் சுடுதண்ணீர் விட்டு மூடி, சின்ன நெருப்பில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிரஷர் குக்கரில் என்றால் இருபது நிமிடம்.

இறைச்சி விரலால் நசிக்கக் கூடியதாக வெந்த பிறகுதான் மக்கரோனி உள்ளே போக வேண்டும். முதலே போட்டால் இறைச்சி வேகுமுன் அது களியாகிவிடும். 400 கிராமுக்குச் சட்டியில் இருக்கும் சாறும் சேர்த்து ஒரு லீற்றர் அளவு கொதிநீர் போதும். பார்த்தால் குறைவுபோலத் தெரியும், பயப்பட வேண்டாம். தண்ணீரை வடித்தால் அதோடு போய்விடும் மாச்சத்து, இங்கே சட்டிக்குள்ளேயே நின்று சாற்றைக் குழம்பாக்கும். தேங்காய்ப்பால் தேவையில்லை, ஒரு தேங்காய் மிச்சம். ஆனால் அந்த மாச்சத்துத்தான் அடிப்பிடிக்கவும் வைக்கும் என்பதால் இடையிடையே அடிவரை கிளற வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இறக்கலாம். துரம் என்ற கடினமான கோதுமையில் செய்த மக்கரோனி உருக்குலையாமல் நிற்கும். சாதாரண மாவில் செய்தது என்றால் இரண்டு நிமிடம் முன்னதாக இறக்குங்கள். இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை. ஜித்தாவில் இது இல்லை, இது என்னுடைய கைச்சேர்க்கை. இறக்கிய பின் அரைத் தேசிக்காய்ப் புளி. ஐந்து நிமிடம் மூடி வையுங்கள்.

2011இல் நாங்கள் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினோம். வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. அங்கே எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி, வன்னியிலிருந்து வந்த ஓர் அக்கா. 2009இல் கணவரை இழந்தவர், சைவம். இருவரும் ஒரே இடத்துக்குத் துணி தைத்துக் கொடுத்தோம். மாட்டிறைச்சி வேகும் வீட்டில் அவர் சாப்பிடுவாரா என்று நான் கேட்கவும் தயங்கினேன், அவர் சொல்லவும் தயங்கினார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு அலுமினியச் சட்டியும் அகப்பையும் வாங்கித் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். நான் மக்கரோனி ஆக்கும் நாளில் அவற்றைக் கொண்டு வருவார். இறைச்சிக்குப் பதிலாக ஊற வைத்த கடலை, மற்றதெல்லாம் அதே கணக்கு. என் வீட்டு முற்றத்தில் அவருக்கென்று ஒரு தனி அடுப்பும் உண்டு. தனிச் சட்டி என்பது விலகல் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கலாம். எங்கள் இருவருக்கும் அது பக்கத்தில் இருந்து சாப்பிடுவதற்கான வழி.

இந்தச் சாப்பாடு எங்களுக்கு மிக அவசியமாகிப் போனது 2022இல். அந்த ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபா, அதுவும் வரிசையில் நின்றாலும் கிடைக்காது. மறுபடி விறகு. சோற்றுக்கு ஓர் அடுப்பு, கறிகளுக்கு இன்னொன்று என்று எரிக்கக் கட்டாது. மகனின் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். கிளினிக்கில் இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.2. கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக்கூடாது என்று மிட்வைஃப் கண்டித்துவிட்டுப் போனார். இறைச்சியிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதாகச் சேரும், இலைவகையில் உள்ளதற்குத் தேசிக்காய், தக்காளி போன்ற புளிப்பு உதவும், சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் அது சேராமல் தடுக்கும் என்று அவர்தான் சொல்லித் தந்தார். ரீயை ஒரு மணித்தியாலம் தள்ளிப்போடுவது இறைச்சி வாங்குவதை விடக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பிள்ளையும் எங்களைப் போல வளர்க்கப்பட்டவள்தான். கறி என்றால் தன் துண்டை எடுத்து மகனின் பீங்கானில் வைத்துவிடுவாள். மக்கரோனியில் அது முடியாது. ஆனால் பழக்கம் வேறு வழி தேடியது. எல்லோரும் சாப்பிட்டபின் தனக்கு இரண்டு அகப்பை மட்டும் போட்டுக்கொண்டு "எனக்குப் போதும் மாமி" என்றாள். சட்டி தானாக நியாயம் செய்துவிடாது என்று அப்போது விளங்கியது. அடுத்த தடவை, ஒருவரும் வந்து உட்காருமுன் ஏழு பீங்கானையும் வரிசையாக வைத்து, ஒரே நேரத்தில் நிரப்பினேன். அவளுடையதில் ஓர் அகப்பை கூட.

கணவர் பார்த்துச் சிரித்தார். "இதென்ன, முகாம் வரிசையா?"

"ஓம். முகாம்ல எண்டாலும் ஆளுக்கொரு பங்கு எழுதியிருந்தது" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பீங்கானை மாற்றவும் இல்லை.

அந்த மாதங்களில் கால் கிலோ இறைச்சிதான் வாங்க முடிந்தது. மிச்சத்துக்குக் கடலை போட்டோம். ஒன்பதாம் மாதம் ஹீமோகுளோபின் 10.8 ஆக வந்தது. கிளினிக்கில் தந்த இரும்புச்சத்து மாத்திரையையும் அவள் ஒழுங்காகப் போட்டாள். மாத்திரை எவ்வளவு செய்தது, சட்டி எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பேத்தி ஒழுங்கான நிறையோடு பிறந்தாள். இப்போது மக்கரோனியை விரலில் மோதிரம் போலப் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுவாள்.

சமைத்த சட்டியில் உடனே தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். மாச்சத்துக் காய்ந்துவிட்டால் தும்பு போட்டு உரஞ்சினாலும் லேசில் போகாது. எங்கள் வீட்டில் அந்த வேலை மகனுடையது.