வழி சொல்லும் வான்கடிகாரம்

2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 29-ஆம் நாள் வைகறையில், சிந்தாதிரிப்பேட்டையிலுள்ள எமது இல்லத்தின் மொட்டைமாடியில் வடதிசை நோக்கி நின்றோம். கூவம் வளைந்து சூழும் இப்பேட்டைக்கு வடக்கே, 80 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் உள்ளது ஸ்ரீஹரிகோட்டா. காலை 6 மணி 23 நிமிடத்திற்கு, வழிகாட்டும் உபக்கிரகமாகிய 'என்.வி.எஸ்.-02' என்பதனைச் சுமந்து ராக்கெட்டு எழுந்தது. அத்தீவினின்று எழுந்தவற்றுள் அது 100-ஆவது. கதிரவன் உதிக்குமுன் ஒரு செஞ்சுடர் ஏறி மறையக் கண்டு, யாமும் அயல் வீட்டாரும் கைகொட்டி ஆரவாரித்தோம்.

அன்று தை அமாவாசை. மீன் அங்காடியில் கொள்வார் மிகச் சிலர். எமக்கு நெடுநாட் பழக்கமுள்ள முதியவள் ஒருத்தி கூடையின்முன் வாளா அமர்ந்திருந்தாள். அவள் பேரன் விசைப்படகில் கடலுக்குச் செல்பவன். "மேலே போச்சே, அது கடல்லே இருக்கிற பிள்ளைக்கு வழி சொல்லுமா, தம்பி?" என்றாள். "சொல்லும், ஆயா, சந்தேகமே வேண்டாம்" என்றோம்.

அது வழி சொல்லும் முறை யாதெனின், கூறுவாம். உபக்கிரகம் ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தின் நேரத்தை ஓயாது அறிவிக்கின்றது. அச்செய்தி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருவது. வந்துசேர ஆன காலத்தால் தொலைவு விளங்கும். நான்கு உபக்கிரகங்களின் செய்தி கிட்டின், படகு நிற்குமிடம் புலனாகும். நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைப்பினும் 300 மீட்டர் தவறிப்போம். ஆதலின் அணுக்கடிகாரம் இன்றியமையாததாயிற்று. காலம் அறிந்தே இடம் அறிதல் நம் நகருக்குப் புதிதன்று. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாராய்ச்சிக்கூடம் கப்பலோட்டும் கலைக்குத் துணையாகவும் அமைந்ததேயாம்.

நம் நாட்டின் இவ்வரிசையில் முதல் உபக்கிரகம் 2013 ஜூலை 1-இல் எழுந்தது. 2016-இல் ஏழும் நிறைவுற்று 'நாவிக்' எனப் பெயர் பெற்றன. பின்னர் முதலாவதன் மூன்று கடிகாரங்களும் பழுதுற்றன. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டு 31-இல் அனுப்பியது, வெப்பக்கவசம் திறவாமையின் அதனுள்ளேயே சிறைப்பட்டது. 2023-இல் சென்ற 'என்.வி.எஸ்.-01', நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரத்தை முதன்முதலாகத் தாங்கிச் சென்றது. இவ்வளவும் அறிந்திருந்தும், "சந்தேகமே வேண்டாம்" என்றோம்!

நான்கு நாள் கழிந்தன. ராக்கெட்டு தன் கடமையைச் செவ்வனே முடித்ததாயினும், உபக்கிரகம் தன் எஞ்சினால் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்து வட்டப் பாதைக்குத் தானே ஏறவேண்டியிருந்தது. எரிபொருளை எரிக்கும் பொருளை உட்செலுத்தும் வால்வு திறக்கவில்லை என்று பிப்ரவரி 2-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. புவிக்கு ஒருகால் மிக அணுகியும் ஒருகால் மிக அகன்றும் செல்லும் நீள்வட்டத்திலேயே அது நின்றுவிட்டது.

சில நாள் யாம் மீன் அங்காடி வழியே செல்லாது, வேறு தெருவாற் சுற்றிச் சென்றோம். ஒருநாள் அவளே கண்டு அழைத்தாள். நிகழ்ந்ததை ஒளியாது கூறினோம். அவள் சினந்தாளில்லை. "பழுதாகிறது படகுக்கும் உண்டு, தம்பி. ஆனா தெரியாததைத் தெரியும்னு சொல்லாதே. கடலுக்குப் போறவன் அதை நம்பிப் போவான்" என்று மட்டும் உரைத்து, மீனை நிறுக்கலானாள்.

அணுக்கடிகாரத்தின் நுட்பத்தை அவளுக்கு விளக்க முற்பட்ட யாம், அதன் பொருளை அவள்பாற் கற்றோம். வழிகாட்டுவார்க்குச் சிறு பிழையும் பெரும் பிழையே. எழுந்ததைக் கண்டு, சேர்ந்தது என்று உரைத்தோம். எழுதலோ பலர் காண நிகழ்வது, உரிய பாதையிற் சேர்தலோ ஒருவரும் காணாது நிகழ்வது. கல்லூரியினின்று ஆண்டுதோறும் ஆரவாரத்தோடு வெளியேறும் எம் போன்ற மாணாக்கர்க்கும் இஃது ஒக்கும்.

இனியொரு உபக்கிரகம் எழும் நாளிலும் மாடியேறிக் கைகொட்டுவோம். அங்காடியில் அவள் வினவுவாளாயின், "சில நாள் பொறு, ஆயா, சேர்ந்தபின் வந்து சொல்கின்றோம்" என்போம்.