மாட்டினா மாட்டிக்கும்

பழைய அவுட்போர்டு எஞ்சினில் ஆபத்தே இதுதான்: வேறு கார்புரேட்டரும் மாட்டினா மாட்டிக்கும். 1970களின் ஜான்சன் 9.9, 15 குதிரைத்திறன் எஞ்சின்களுக்கு பிளாக் ஒன்றே. திறனைப் பிரிப்பது முக்கியமாக கார்புரேட்டரின் தொண்டை அகலம். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

மெக்கானிக்கான என் மாமா தொண்டையை வெர்னியரால் அளந்து, மெயின் ஜெட்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் மாட்டமாட்டார். நான் அலுத்துக்கொள்வேன். ஜெட் ஓட்டை சிறுத்தால் பெட்ரோல் குறையும். ஆயிலை பெட்ரோலிலேயே கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக்கில் அதுவும் சேர்ந்தே குறையும். பிஸ்டன் சூடேறி, சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

பைக் நின்னா தள்ளிக்கிட்டு வரலாம் மாப்ளே, என்பார். கடல்ல எதைத் தள்ளுவ? கரையில் விடிய விடிய ஒருத்தி கண்ணு பூத்துப் பார்த்துக்கிட்டு நிப்பா.