சுண்டிக்குளத்தில் மூன்று தினங்கள்

ஆபிரிக்கப் பாலைநிலங்களில் வனவிலங்கு காணச் செல்வதற்கு வேண்டிய பொருள் எம்மிடம் இல்லை. ஆதலின், பழைய மாணவர் அறுவர், ஊர்வாசி ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, கடந்த மாசியில் ஆனையிறவுக்குக் கிழக்கேயுள்ள சுண்டிக்குளத்தில் மூன்று தினங்கள் திரிந்தோம். 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பெற்ற இடம் அது. மணல், உப்புத்தரவை, வெயில். குடிநீரையும் சுமந்தே செல்லல் வேண்டும். (இரண்டாம் நாளே அது தீர்ந்தமை எம் மடமை.)

மூன்றாம் நாட் காலை கடல்நீரேரியிற் பூநாரைகளைக் கண்டோம். படமெடுக்கும் ஆவலால் தடம் விலகிய எம்மை வழிகாட்டியார் அதட்டி நிறுத்தினார்.

"தடத்தை விடாதேங்கோ, ஐயா. சண்டை 2009இலை முடிஞ்சது. புதைச்சதெல்லாம் எடுபட்டுதெண்டு ஆர் கண்டது? என்ரை பசு இப்பிடியொரு வெளியிலைதான் போனது."

முன்னர் வைத்த சுவட்டிலேயே காலை வைத்துத் திரும்பினோம். பூநாரைகளோ, தலைகீழாய் அலகைத் தோய்த்து, உப்புநீரை வடித்து இரையுண்டவாறே மெல்ல அகன்று சென்றன.