அந்த கடைசி அரை இஞ்ச்

அம்பத்தூரில் ஒரு வீட்டின் பின்பக்க ஷெட். நடுவில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் சேஸிஸ். மேலே பாடி கிடையாது. அதில் சொந்தமாக ஒரு ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் கட்ட வேண்டும் என்பது பையனின் ஆசை. கூடவே மாமா. நாற்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர், இப்போது கண் சரியாகத் தெரியாது.

ஏன் ஹெரால்டு? 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தபோது நிறைய கார்கள் தனி சேஸிஸை விட்டு, ஒரே கூடாக மாறிவிட்டிருந்தன. இதில் மட்டும் பாடியை போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். அதனால் பிற்பாடு அங்கே வீட்டில் கார் கட்டுகிறவர்களுக்கு இது செல்லப் பிள்ளை. இதன் மேல் பூட்ட ஸ்பார்ட்டன், ஜென்ட்ரி என்று கிட்களே விற்றார்கள். நம்மூரில் இந்தக் கார் 1961 முதல் தயாரானது வண்டலூரில். ஆவடி பக்கம் ஓடும் வெளிவட்டச் சாலை தெற்கே போய் முடிகிறதே, அதே வண்டலூர். அந்த பேக்டரி மூடி பல வருஷம் ஆகிவிட்டது.

சரி, அன்றைக்கு வேலை கிளட்சும் கியர்பாக்ஸும். ஃப்ளைவீலில் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்க பிரஷர் பிளேட். கியர்பாக்ஸின் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் நடுப் பற்களுக்குள் நுழைந்து, கிராங்க் நுனியில் இருக்கும் சின்ன புஷ்ஷில் போய் உட்கார வேண்டும். எல்லாம் போனது, கடைசி அரை இஞ்ச் தவிர. பையன் ஸ்பேனரை எடுத்தான். சத்தத்திலேயே மாமாவுக்குப் புரிந்துவிட்டது.

"கீழ வைடா அதை."

"அரை இஞ்ச் தான் மாமா. போல்ட்டைப் போட்டு இழுத்தா வந்துடும்."

"வரும். பிளேட்டும் வளைஞ்சு வரும். அப்புறம் பெடலை முழுசா மிதிச்சாலும் கிளட்ச் விடாது. கழட்டு."

பிளேட் மையத்தில் இல்லை, அதுதான் சிக்கல். பிரஷர் பிளேட்டை முறுக்கிய பிறகு அது நகராது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, ஒரு பழைய ஷாஃப்டை புஷ் வரை சொருகி பிளேட்டை மையத்தில் நிறுத்தி, எதிரெதிர் போல்ட்டாக முறுக்கி... ரெண்டு மணி நேரம் போச்சு.

நடுவில் மாமா கேட்டார், "இதுக்கு நம்பர் கிடைக்காதுன்னு தெரியும்ல?"

தெரியும். இங்கே புது வண்டி என்றால் டெஸ்டிங் ஏஜென்சி சான்றிதழ் இல்லாமல் பதிய முடியாது. பழைய வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. காம்பவுண்டைத் தாண்டி இந்த வண்டி ரோட்டுக்குப் போகாது.

"அப்புறம் எதுக்குடா?"

"உங்க வேலையை வேற எங்க போய் கத்துக்கறது மாமா?"

மாமா பதில் சொல்லவில்லை. "கியரைப் போட்டுட்டு பின்பக்க ஃபிளாஞ்சை மெதுவா திருப்பு. பல்லு பல்லோட சேரும்" என்றார். பையன் திருப்பினான். கியர்பாக்ஸ் தானாக உள்ளே போய் 'டொக்' என்று உட்கார்ந்தது.

மாமா கிட்டே வந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"நகம் நுழையல. இப்ப போடு போல்ட்டை."