சரிங்க, அப்புறம்?

திருப்பூர், அங்கேரிபாளையம் சாலை. காலை பதினொரு மணி. பனியன் கம்பெனிகளுக்கு டீ டைம். பேக்கரி வாசலில் கூட்டம். தலைமுடியிலும் காலரிலும் பஞ்சு ஒட்டிய ஆட்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், தேனி, திருவாரூர். கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன்.

மால்டாவிலிருந்து வந்த பையன் கையை நீட்டுகிறான்.

"அண்ணா, இங்க வா. டீ குடு."

மாஸ்டரின் கை பாய்லர் குழாயிலேயே நின்றுவிடுகிறது. பையனை மேலும் கீழும் பார்க்கிறார். அவனுக்கு இந்தப் பக்கம் ஒரு டீ போகிறது. அந்தப் பக்கம் இரண்டு போகிறது. பையன் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். டீ டைம் முடியப் போகிற நேரத்தில் அவன் முன்னால் ஒரு டம்ளர் வந்து உட்காருகிறது. சூடு இல்லை.

கம்பெனிக்குள் ஓவர்லாக் மெஷின்கள் ஓடுகின்றன. வேலை காலை எட்டரைக்கு ஆரம்பித்தது. ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை வரை. சூப்பர்வைசரின் குரல் மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிறது.

"டேய், இங்க வா. பண்டல் எடு. அந்த லைன்ல குடு. போ, போ."

வா, எடு, குடு, போ. பையன் காதில் விழுகிற தமிழ் இவ்வளவுதான். இதில் ஒரு சொல்லைக்கூட அவன் தப்பாக உச்சரிப்பதில்லை.

மதியம். செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் தரையில் அட்டை விரித்துச் சாப்பாடு. பையனின் செல்போனில் இந்தி வழியாகத் தமிழ் சொல்லித்தரும் வீடியோ. கிழமைகள் முடிந்தன. காய்கறிகள் முடிந்தன. இப்போது பலகையில், 'நான் போகிறேன்.'

"நான் போகிறேன்," என்கிறான் பையன், வீடியோவோடு சேர்ந்து.

செக்கிங் அக்கா எட்டிப் பார்க்கிறார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் நாடாவில் தொங்கும் சின்னக் கத்தரி. வாயில் சோறு. இல்லை என்று தலையை ஆட்டுகிறார். விழுங்கிவிட்டுப் பேசுகிறார்.

"மொதல்ல 'அண்ணாங்க'ன்னு கூப்பிடோணும். ஆளு உன்னையப் பாக்கோணும். அப்புறந்தான் டீ கேக்கோணும். எங்கே, சொல்லு."

"அண்ணாங்க."

"பாத்தாரா?"

பையன் கத்தரியைப் பார்க்கிறான். "பாத்தார்."

"இப்பக் கேளு."

"ஒரு டீ குடுங்க."

"'ஒரு டீங்க' போதும்."

அடுத்தது, கிளம்புவது. போறேன் என்று சொல்லவே கூடாது என்கிறார் அக்கா. போயிட்டு வர்றேனுங்க. பையன் சிரிக்கிறான். கையைத் தூரமாகக் காட்டுகிறான். தன் ஊரிலும் வாசல்படி தாண்டும்போது 'ஆஷி' என்றுதான் சொல்வார்கள். வர்றேன் என்று அர்த்தம். போகிறேன் என்றால் அம்மா திட்டுவாள். இதைச் சொல்லி முடிக்க அவனுக்குத் தமிழ், இந்தி, இரண்டு கை, பாதிச் சாப்பாட்டு நேரம் வேண்டியிருக்கிறது.

"ஆஷி," என்று அக்கா சொல்லிப் பார்க்கிறார். பக்கத்து டேபிள் பெண்ணும் சொல்லிப் பார்க்கிறாள்.

டேபிள் ஓரத்தில் ஒரு காலி ஸ்டூல். அக்காவின் பார்வை அங்கே போகிறது. 2023 மார்ச். வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் செல்போனுக்குச் செல்போன் பரவிய வாரம். ஹோலிக்குக் கிளம்பியவர்களும் பயந்து கிளம்பியவர்களும் ஒரே பிளாட்பாரத்தில் நின்றார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று திருப்பூருக்கே வந்து விசாரித்தது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் அந்த வாரம் போனவன்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்," என்கிறார் அக்கா. டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போகிறார்.

சாயங்கால டீ. பேக்கரி.

"அண்ணாங்க."

மாஸ்டர் திரும்புகிறார்.

"ஒரு டீங்க."

"லைட்டா, ஸ்ட்ராங்கா?"

பையனிடம் இதற்குப் பாடம் இல்லை. இரண்டு விரலைக் காட்டுகிறான். மாஸ்டர் ஸ்ட்ராங்காகப் போடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை. லைன் வீட்டுச் சந்தில் பந்தல். வாடகை வீட்டுக்காரப் பெரியவர் தவறிவிட்டார். பையன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வருகிறான். மாலைக்குப் பக்கத்தில் நின்று கும்பிடுகிறான். பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்காருகிறான். எழுகிறான். பெரியவரின் மகனைப் பார்த்து வாயைத் திறக்கிறான்.

"போயிட்டு வர்..."

அக்காவின் கை அவன் முழங்கையைப் பிடிக்கிறது. ஒரு அழுத்து. பையன் வாயை மூடிக்கொள்கிறான். எதுவும் சொல்லாமல் நடக்கிறான். இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிறான். மகன் அவனைக் கூப்பிடவில்லை. தப்பாகவும் பார்க்கவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. எந்த வீடியோவிலும் இது வருவதில்லை.

மற்ற இடங்களில் கிளம்பும் முன் பேச்சை முடிக்க வேண்டும். அதைப் பற்றி மட்டுமே ஒரு நீண்ட கட்டுரை உண்டு. இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் எழுதியது. 1973இல் வெளிவந்தது. பேச்சு தானாக நிற்பதில்லை, இரண்டு பேரும் சேர்ந்து நிறுத்துகிறார்கள் என்கிறது கட்டுரை. ஒருவர் 'சரி' என்பார். மற்றவர் புதுப்பேச்சு எடுக்கலாம். எடுக்காமல் அவரும் 'சரி' என்றால் கிளம்பலாம்.

அடுத்த சனிக்கிழமை. நாலரை மணி. மாடிப்படியில் பையன். காதில் போன். ஊரிலிருந்து தம்பி வருகிறான். ரூம் வேண்டும். அந்தப் பக்கம், ரூமுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அண்ணன்.

"அண்ணாங்க, சாப்ட்டீங்ளா?"

"ஆச்சுப்பா. நீ?"

"ஆச்சுங்க."

ரூம் விஷயம் ஒரு நிமிஷத்தில் முடிகிறது.

"சரி தம்பி. அப்புறம்?"

பையன் யோசிக்கிறான். கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

"அப்புறம், ஊர்ல மழைங்க."

"ஓ. சரி, சரி. அப்புறம்?"

"அப்புறம், தங்கச்சி பத்தாவது பாஸுங்க."

"சந்தோஷம். வேறென்ன?"

நெற்றியில் வியர்வை. "வேற... இன்னைக்குச் சம்பளமுங்க."

கீழ்ப்படியில் அக்கா கத்தரியால் கைப்பிடிக் கம்பியைத் தட்டுகிறார். பையன் குனிந்து பார்க்கிறான். அக்காவின் உதடு மட்டும் அசைகிறது. மறுபடி அசைகிறது.

"சரிங்ணா. வெச்சரட்டுங்களா?"

"சரி தம்பி, வையி."

பையன் போனைக் காதிலிருந்து எடுக்கிறான். கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போகிறது.

"தம்பி, தம்பி, ஒண்ணு மறந்துட்டேன்..."

போன் மறுபடி காதுக்கு ஏறுகிறது.

"சொல்லுங்ணா."